காலி என்று நம்பாதீர்கள்: சுடுதளத்தில் காயம் படாமல் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

காட்பாடிப் பக்கம் ஒரு சிறிய கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் பிள்ளைகளுக்கு ஏர் ரைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) பயிற்சி நடக்கிறது. என் வேலை சுடுவதல்ல. பின்னால் நின்று பார்ப்பது. சென்ற கோடையில் ஒரு நாள், பயிற்சி முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்கப் போனபோது, ஒரு தகப்பனார் மகளுடைய ரைபிளை மேசையிலிருந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, போட்டோ எடுப்பதற்காக மனைவி பக்கம் திரும்பினார். குழல்வாய் வரிசையாக நான்கு பிள்ளைகளின் மார்பைக் கடந்து அந்த அம்மாளின் முகத்தில் வந்து நின்றது.

“காலியாகத்தான் இருக்கிறது, சார்” என்றார் சிரித்துக்கொண்டே.

எங்கள் மாஸ்டர் கம்மவான்பேட்டைக்காரர். வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருப்பதால் ராணுவப்பேட்டை என்றே பெயர் வாங்கிய ஊர் அது. அவர் கத்தவில்லை. பக்கத்தில் போய்க் குழலை மெதுவாகக் கீழே திருப்பி, ரைபிளை வாங்கி, இலக்குப் பக்கம் நீட்டி, நெம்பை (குண்டு போட இழுத்துத் திறக்கும் கைப்பிடியை) ஒருமுறை இழுத்து மூடி விசையை அழுத்தினார். ‘டப்’ என்று ஒரு பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு, போய் இலக்குப் பெட்டியில் விழுந்தது. அந்த அம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

சுடுதளத்தில் ஆட்கள் சுட்டுக்கொண்டிருக்கும்போது விபத்து நடப்பது குறைவு. எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், கவனமாக இருக்கிறார்கள், துப்பாக்கியில் தோட்டா இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆபத்து இடைவேளையில் இருக்கிறது: பெட்டியைத் திறக்கும்போது, மூடும்போது, துடைக்கும்போது, மற்றவருக்குக் கொடுக்கும்போது, போட்டோ எடுக்கும்போது. சுருக்கமாகச் சொன்னால், துப்பாக்கி காலி என்று எல்லோரும் நினைக்கும் நேரத்தில். ஆகவே கீழே வரும் படிகளில் பெரும்பகுதி சுடாத நேரத்தைப் பற்றியே இருக்கும்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியதைப் பார்த்த பிள்ளைகள் பலர் இந்த விளையாட்டைக் கேட்டு வருகிறார்கள். அவர்களைக் கூட்டிவரும் பெற்றோரை மனதில் வைத்தே எழுதுகிறேன்.

முதல் படி: வீட்டிலேயே தொடங்குங்கள்

உடையிலிருந்து ஆரம்பிக்கலாம். விரல்களை மூடும் ஷூ, கழுத்தை ஒட்டி நிற்கும் காலர் சட்டை. பெண்கள் துப்பட்டாவை மடித்துப் பையில் வைத்துவிட்டுத் தலைமுடியைக் கட்டிக்கொள்ளட்டும். ஏர் ரைபிளில் இதனால் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் .22 ரைபிளோ (0.22 அங்குலக் குழல்; காற்றால் அல்ல, தோட்டாவால் சுடுவது) பிஸ்டலோ சுடும் தளத்தில், பக்கத்துப் பாதையிலிருந்து (ஒருவர் நின்று சுட ஒதுக்கிய தடம்) தெறிக்கும் சூடான காலித் தோட்டா சட்டைக் கழுத்துக்குள் விழுவது சாதாரணம். விழுந்ததும் மனிதன் துள்ளுவான். கையிலிருக்கும் பிஸ்டலும் கூடவே துள்ளும், அதுவும் விரல் விசையில் இருக்கும்போது. அப்படி விழுந்தால் முதலில் துப்பாக்கியை இலக்குப் பக்கம் பார்க்க மேசையில் வையுங்கள். அதன் பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் துள்ளலாம். தோலில் ஒரு சின்னக் கொப்புளம், அவ்வளவுதான்.

கண்ணாடி கட்டாயம். பவர் கண்ணாடி போதும் என்று நினைக்காதீர்கள். பாலிகார்பனேட் வில்லை கொண்ட பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். ஈயப் பெல்லட் கெட்டியான எதிலாவது பட்டால் துணுக்கு திரும்பி வரும். பொம்மைத் துப்பாக்கி என்று விற்கப்படும் எஃகு உருண்டைத் துப்பாக்கி இன்னும் மோசம். எஃகு நசுங்காது, வந்த வேகத்தில் பெரும்பகுதியோடு திரும்பும்.

காதுக்கு வருவோம். ஏர் ரைபிளுக்குக் காதடைப்பு விருப்பம். .22 ரைபிளின் ஓசையே உச்சத்தில் 140 டெசிபலைத் தொடக்கூடியது. பன்னிரண்டு போர் (‘bore’, குழலின் அளவு) துப்பாக்கி அதையும் தாண்டும். 140-க்கு மேல் ஒரே ஒரு வெடி போதும், உள்காதில் நிரந்தரச் சேதம் வருவதற்கு. கூரை போட்ட தளமாக இருந்தால் காதுக்குள் நுரைப்பஞ்சு அடைப்பு, அதன் மேல் ஹெட்போன் போன்ற மூடி என்று இரண்டும் வேண்டும். பஞ்சடைப்பைச் சும்மா திணித்தால் பயனில்லை. விரல்களால் மெல்லிய குச்சி போல உருட்டி, மறு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, உள்ளே விட்டு, அது விரியும் வரை அரை நிமிடம் விரலை எடுக்காமல் இருங்கள். உங்கள் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் சரியாகப் பொருந்தியிருக்கிறது.

காற்று சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு வேலூர் வெயில் தனி எதிரி. போட்டி ரைபிள்களின் சிலிண்டரில் பொதுவாக 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். கார் டயரில் இருப்பதைப் போல ஏறத்தாழ நூறு மடங்கு. மே மாதத்தில் வண்டியின் டிக்கியில் அதை மத்தியானம் முழுக்க விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். சிலிண்டரின் மேல் தயாரிப்புத் தேதி பொறித்திருக்கும். பத்து ஆண்டு கடந்ததென்றால் பயன்படுத்தக் கூடாது, எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும். நிரப்பும் இணைப்பில் எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்று ஒருவர் என்னைக் கேட்டார். கூடவே கூடாது: அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜனும் துளி எண்ணெயும் சேர்ந்தால் வெடிக்கும்.

சட்டத்தையும் ஒரு வரியில் முடித்துவிடுகிறேன். 4.5 மி.மீ. குழலும் 20 ஜூலுக்கு உட்பட்ட ஆற்றலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம்; அதற்கு மேலே போனால் 1959 ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும், உரிமம் பெற 21 வயது ஆக வேண்டும். உரிமம் வேண்டாம் என்பதற்கு ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல. போட்டி ஏர் ரைபிளின் பெல்லட் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் வெளியேறுகிறது. கண்ணைக் கெடுக்க அதைவிடக் குறைந்த வேகமே போதும்.

இரண்டாவது படி: தளத்தை ஒரு சுற்றுப் பாருங்கள்

பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன் பெற்றோர் பார்ப்பது கட்டணத்தையும் பயிற்சியாளர் வாங்கிய பதக்கத்தையும். நான் முதலில் பார்ப்பது பின்சுவரை.

10 மீட்டர் கூடம் என்றால் மூன்று விஷயம் பாருங்கள். இலக்குக்குப் பின்னால் பெல்லட்டை வாங்கிக்கொள்ளும் பெட்டியும், அது தவறினால் பிடிக்கத் தடித்த திரையோ மரப்பலகையோ இருக்கிறதா? சுடும் கோட்டுக்கும் இலக்குக்கும் நடுவில் பக்கவாட்டுக் கதவு ஏதாவது இருக்கிறதா, இருந்தால் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடப்பட்டிருக்கிறதா? பல கூடங்கள் முன்பு கல்யாண மண்டபமாகவோ கிடங்காகவோ இருந்தவை. பாத்திரம் கழுவும் அம்மாள் பழைய நினைவில் பக்கக் கதவைத் திறந்துகொண்டு வந்துவிடுவார். மூன்றாவது, பார்வையாளர் உட்காரும் இடம் சுடும் கோட்டுக்குப் பின்னால் போதிய இடைவெளியில் இருக்கிறதா?

திறந்தவெளித் தளத்தில் விஷயம் வேறு. இங்கே வேலூர்க்காரர்களுக்கே உரிய ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை. ‘மலையைப் பார்த்துத்தானே சுடுகிறோம், அதைத் தாண்டி எங்கே போகும்?’ என்று படித்தவர்களே கேட்கிறார்கள். நம் மலைகள் வெறும் பாறை. பாறையில் சாய்வாகப் பட்ட குண்டு நிற்காது. தெறித்து, எந்தத் திசை என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும். குண்டை நிறுத்துவது கல் இல்லாத மண்மேடு. மண்மேட்டின் முகப்பில் கூழாங்கல் தெரிந்தால், மழையில் மண் கரைந்து உயரம் குறைந்திருந்தால், அந்தத் தளத்தில் சுட வேண்டாம். தண்ணீர்ப் பரப்பும் கல்லைப் போலத்தான்: சாய்வாகப் பட்ட குண்டு தவளைக்கல் மாதிரி எகிறும். பாலாற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். மணலுக்குள் கல் இருக்கிறது, அதுவும் அதே வேலையைச் செய்யும். ஆற்று மணலில் பாட்டில் வைத்துச் சுட்டுப் பழகுவது சட்டத்துக்கும் புறம்பு, புத்திக்கும் புறம்பு.

.22 தோட்டா சின்னது என்று தோன்றும், சுண்டுவிரல் நுனி அளவு. அதன் குண்டு உயர்த்திய கோணத்தில் சுட்டால் ஒரு மைலுக்கும் அப்பால் போகக்கூடியது. தோட்டாப் பெட்டியின் மீதே அந்த எச்சரிக்கையை அச்சிடுகிறார்கள். காவல் துறையும் துணை ராணுவமும் சுடும் பெரிய ரைபிள்கள் இதைவிடப் பல மடங்கு தூரம் போகும். 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை அருகே பசுமலைப்பட்டி சுடுதளத்தில் பயிற்சி நடந்தபோது, தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று அவன் இறந்தான். அந்தப் பிள்ளைக்கும் துப்பாக்கிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

ஆகவே திறந்தவெளித் தளத்தில் சிவப்புக் கொடி ஏறியிருக்கிறதா, ஆடு மேய்ப்பவர்களும் விறகு எடுப்பவர்களும் வரும் பாதையில் ஆள் நிற்கிறதா, பக்கத்துக் கிராமத்துக்கு முன்கூட்டியே சொல்லியிருக்கிறார்களா என்று கேளுங்கள். கேட்டால் முகம் சுளிப்பவர்களிடம் பிள்ளையை விட வேண்டாம்.

மூன்றாவது படி: பெட்டியைத் திறப்பதும் காலி பார்ப்பதும்

இந்தப் படிக்குத்தான் நிறைய நேரம் கொடுக்கப் போகிறேன்.

பெட்டியைச் சுடும் கோட்டில் உள்ள மேசையில் வைத்து, திறக்கும் முன்பே குழல்வாய் எந்தப் பக்கம் இருக்கும் என்று யோசித்து, அந்தப் பக்கம் இலக்கைப் பார்க்கத் திருப்பி வையுங்கள். பெட்டியின் வெளியே குழல்வாய் இருக்கும் முனையில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டினால் போதும். எங்கள் கூடத்தில் எல்லாப் பெட்டியிலும் இருக்கிறது. திறந்த பிறகு ‘ஐயோ, தலைகீழாக இருக்கிறதே’ என்று ரைபிளைத் தூக்கித் திருப்புவதில்தான் பக்கத்துப் பாதைக்காரரின் இடுப்பைக் குழல் தடவிப் போகிறது.

எடுக்கும்போது ஆள்காட்டி விரல் நேராக நீண்டு, விசைக் கூட்டுக்கு (விசையைச் சுற்றியுள்ள வளையம்) மேலே கட்டையின் பக்கவாட்டில் படுத்திருக்கட்டும். விசைக் கூட்டுக்குள் அல்ல. இதைச் சிலர் வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். இடறி விழப் போகிறவன் இடது கையால் எதையாவது இறுகப் பற்றினால், வலது கையும் அவனைக் கேட்காமலே இறுகும். உடம்பின் இயல்பு அது. போட்டி ஏர் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தது 500 கிராம் அழுத்தம் வேண்டும் என்று விதி இருக்கிறது. ஏர் ரைபிளுக்கு அந்தக் குறைந்தபட்சமும் இல்லை. அந்த விசை மூச்சு விட்டாலே விழுந்துவிடும் போல இருக்கும்.

இனி காலி பார்ப்பது. துப்பாக்கிக்குத் துப்பாக்கி முறை மாறும்.

ஏர் ரைபிளில் நெம்பைத் திறந்து உள்ளே பார்த்தால் பள்ளம் வெறுமையாகத் தெரியும். அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். நெம்பு ஒருமுறை மூடப்பட்டபோதே பெல்லட் குழலுக்குள் தள்ளப்பட்டுவிட்டது. மறுபடி திறந்தால் அது வெளியே வராது, கண்ணுக்கும் தெரியாது. அந்தத் தகப்பனாரின் மகள் நன்றாகப் பழகிய பெண். கடைசிப் பெல்லட்டைப் போட்டு நெம்பை மூடிய நேரம் ‘ஸ்டாப்’ சொல்லிவிட்டார்கள். நெம்பைத் திறந்தாள், பள்ளம் வெறுமை, காலி என்று நினைத்தாள். பாதுகாப்புக் கொடியைப் போடாமல் மேசையில் வைத்துவிட்டாள்.

பாதுகாப்புக் கொடி என்பது பளிச்சென்ற ஆரஞ்சு நிற நைலான் கம்பி. சர்வதேசப் போட்டி விதியில் இது கட்டாயம். காற்றுத் துப்பாக்கிக்கு அது குழல் முழுவதும் போய் வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். நெம்புப் பக்கமிருந்து விட்டால் கம்பியின் நுனி குழல்வாயில் எட்டிப் பார்க்கும். பெல்லட் உள்ளே இருந்தால் கம்பி பாதியில் முட்டி நிற்கும். இதைவிட எளிய சோதனை உலகத்தில் இல்லை. காசு இல்லாவிட்டால் தோட்டத்தில் புல் வெட்டும் இயந்திரத்துக்குப் போடும் ஆரஞ்சு நைலான் நரம்பை வாங்கி, குழலைவிட ஒரு சாண் நீளமாக நறுக்கிக்கொள்ளுங்கள். கம்பி முட்டினால் கையை எடுத்துவிட்டுத் தளப் பொறுப்பாளரைக் கூப்பிடுங்கள். அவர் அனுமதித்த பிறகு இலக்கில் சுட்டு வெளியேற்ற வேண்டும். நீங்களாகச் சுடவும் வேண்டாம், குச்சியால் குத்தவும் வேண்டாம்.

.22 ரைபிளிலும் பிஸ்டலிலும் வரிசை முக்கியம்: முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கி வைக்கும் கூடு) கழற்றுங்கள், அதன் பிறகு போல்ட்டை (குழலின் பின்முனையை மூடித் திறக்கும் தண்டு) இழுங்கள். தலைகீழாகச் செய்தால் என்ன ஆகும்? போல்ட்டை இழுக்கிறீர்கள், அறையில், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தில், இருந்த தோட்டா வெளியே விழுகிறது, நிம்மதி. போல்ட்டை மூடுகிறீர்கள், மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டாவை அது அறைக்குள் தள்ளிவிடுகிறது. இப்போது மேகசினைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ‘காலி’ என்கிறீர்கள். பிஸ்டலால் நடக்கும் விபத்துக் கதைகளில் நான் கேட்ட பாதி இதுதான். மேகசின், போல்ட், கண்ணால் ஒரு பார்வை, சுண்டுவிரல் நுனியால் அறையில் ஒரு தொடுகை, வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பி இன்னொரு பார்வை. அந்த இரண்டாவது பார்வை எதற்கு என்றால், முதல் முறை கண் தான் எதிர்பார்த்ததைத்தான் பார்க்கும்.

ஒருவர் இன்னொருவருக்குத் துப்பாக்கி கொடுக்கும்போது கொடுப்பவரும் பார்க்க வேண்டும், வாங்குபவரும் பார்க்க வேண்டும். ‘இப்போதுதானே நான் பார்த்தேன், என் மேல் நம்பிக்கை இல்லையா?’ என்று கோபித்துக்கொள்பவர்கள் உண்டு. எங்கள் மாஸ்டர் இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவர். பத்து வயதுப் பையன் அவரிடமிருந்து வாங்கி நெம்பைத் திறந்து பார்த்தால் அவனுக்கு ஒரு மிட்டாய் கொடுக்கிறார்.

நான்காவது படி: சுடும் கோட்டில்

கட்டளைகளைப் பிள்ளைகள் பாட்டுப் போல மனப்பாடம் செய்துவிடுவார்கள். விளையாட்டுத் தளங்களில் ‘லோட்’, ‘ஸ்டார்ட்’, ‘ஸ்டாப்’, ‘அன்லோட்’. என்.சி.சி. முகாமில் பழகியவர்களுக்கு ‘பர்’, ‘காலி கர்’ என்று ஹிந்தியில் காதில் ஒலிக்கும். எந்த மொழியானாலும் சரி, ‘ஸ்டாப்’ என்ற சொல்லை மட்டும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம்: துடைப்பம் வைத்திருக்கும் ஆயாவும், முதல் நாள் வந்த பெற்றோரும். கேட்டதும் விரல் வெளியே வரும், குழல் இலக்கைப் பார்த்தபடி நிற்கும், யாரும் ‘ஏன்’ என்று கேட்கத் திரும்பக் கூடாது. உடம்போடு துப்பாக்கியும் திரும்பும் என்பதுதான் காரணம். பேச வேண்டுமென்றால் துப்பாக்கியை வைத்துவிட்டுப் பேசுங்கள்.

தோட்டாவையோ பெல்லட்டையோ ‘லோட்’ சொன்ன பிறகுதான் போடுவது. குறிபார்த்துக் கை நடுங்கினால் சுடாமல் இறக்குங்கள். இறக்கும்போது முதலில் விரல், பிறகு ரைபிள். பூட்டுப் பித்தானை (விசை விழாமல் தடுக்கும் ‘சேஃப்டி’) போட்டுவிட்டேன் என்ற தைரியம் வேண்டாம். அது ஓர் இயந்திரப் பாகம், தேயும்.

ஐந்தாவது படி: சுடாமல் போனால்

விசையை அழுத்தினீர்கள், ‘டிக்’ என்று ஓசை, வெடிக்கவில்லை. புதியவர் உடனே துப்பாக்கியைத் தன் பக்கம் திருப்பி ‘என்னவாயிற்று?’ என்று பார்ப்பார். அப்படியே இலக்கை நோக்கிப் பிடித்தபடி மறு கையை உயர்த்துங்கள். தோட்டாவில் மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்வது உண்டு. குறைந்தது 30 நொடி. எங்கள் மாஸ்டர் 60 எண்ணச் சொல்வார். பிறகே போல்ட்டைத் திறப்பது.

இதைவிட ஆபத்தானது ‘புஸ்’ என்ற மெல்லிய ஓசையோடு உதைப்பே இல்லாமல் போகும் தோட்டா. குண்டு குழலுக்கு நடுவில் சிக்கியிருக்கலாம். அடுத்த தோட்டாவைச் சுட்டால் குழல் வெடிக்கும். ஓசை மாறினாலே நிறுத்துங்கள். காலி பார்த்து, குழலுக்குள் கம்பி விட்டு உறுதிசெய்யும் வரை அந்தத் துப்பாக்கிக்கு அன்று ஓய்வு.

ஆறாவது படி: இலக்கை மாற்றும் நேரம்

மின்னணு இலக்கு வாங்க வசதியுள்ள இடங்களில் யாரும் முன்னால் போக வேண்டியதில்லை. நம் ஊர்க் கூடங்கள் பெரும்பாலும் காகித அட்டைதான். கப்பிக் கயிற்றில் அட்டை வந்து போகும்படி அமைத்தால் நல்லது. நடந்து போய் மாற்றுவதென்றால், எல்லாத் துப்பாக்கியிலும் கொடி, எல்லோரும் கோட்டைவிட்டு ஓரடி பின்னால், பொறுப்பாளர் ஒவ்வொரு பாதையையும் நடந்து பார்த்து ‘போகலாம்’ என்ற பிறகே முன்னால். ஒருவர் முன்னால் இருக்கும்போது எவரும் துப்பாக்கியைத் தொடக் கூடாது. துடைக்கக் கூடாது, குறிபார்க்கும் காட்சிக்குழாயைத் திருகக் கூடாது, பெட்டியில் வைக்கவும் கூடாது. எங்கள் கூடத்தில் அந்த நேரத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி. பெரியவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். பரவாயில்லை.

வீட்டுப் பரணிலிருந்து வரும் துப்பாக்கிகள்

மாதத்துக்கு ஒருவராவது தாத்தாவின் இரட்டைக்குழலையோ, மாமா வாங்கி வைத்த பழைய ஸ்பிரிங் ஏர் கன்னையோ தூக்கிக்கொண்டு வருகிறார். முன்னாள் படைவீரர்கள் நிறைந்த பகுதி இது; வங்கிக் காவலுக்காக உரிமம் வாங்கிய துப்பாக்கிகளும் வீடுகளில் உண்டு.

குழலை மடக்கி ஏற்றும் ஸ்பிரிங் ஏர் கன்னில் கை விரலுக்குத்தான் கேடு. குழல் மடங்கியிருக்கும்போது விசை தட்டினால் அது வில் போல எகிறி மேலே அடிக்கும். பெல்லட் போடும் விரல் நசுங்கும். ஒரு கை குழலை இறுகப் பிடித்திருக்க, மறு கைதான் பெல்லட் போட வேண்டும்.

இரட்டைக்குழலை எடுத்தால் முதல் வேலை திறந்து, காலி பார்த்து, இரண்டு குழலையும் வெளிச்சத்துக்கு எதிரே நீட்டி ஒரு முனையிலிருந்து பார்ப்பது. நிலா வட்டம் போல முழு வெளிச்சம் தெரிய வேண்டும். பரணில் கிடந்த துப்பாக்கியின் குழலுக்குள் மண் குளவி கூடு கட்டியிருப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆயுத பூஜைக்கு இட்ட சந்தனம் குழல்வாயில் வழிந்து காய்ந்து கல்லாகியிருந்ததும் உண்டு. அடைப்போடு சுட்டால் குழல் வாழைப்பூ மாதிரி விரியும். பூஜைக்குப் பொட்டு வையுங்கள், கட்டையில் வையுங்கள், குழல்வாயை விட்டுவிடுங்கள்.

இருபது போர் தோட்டாவையும் பன்னிரண்டு போர் தோட்டாவையும் ஒரே பையில் போடாதீர்கள். இருபது சற்று மெலிந்தது. பன்னிரண்டு போர் குழலுக்குள் நழுவிப் போய் நடுவில் மாட்டிக்கொள்ளும். வெளியிலிருந்து பார்த்தால் அறை காலியாகத் தெரியும். பின்னால் பன்னிரண்டைப் போட்டுச் சுட்டால் இடது கை இருக்கும் இடத்திலேயே குழல் பிளக்கும்.

தேர்தல் அறிவித்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கப் போகும் நாளிலும் இதே சோதனை வேண்டும். பெட்டியைத் திறப்பது இம்முறை நீங்களல்ல, அங்கிருக்கும் காவலர்.

ஏழாவது படி: கை கழுவுவது

ஈயம் என்று சொன்னால் யாரும் பயப்படுவதில்லை, ஏனென்றால் வலிக்காது. பெல்லட்டை விரலால் எடுத்துப் போடுகிறோம், விரல் நுனி சாம்பல் நிறமாகிறது, அதே கையால் பிள்ளை முறுக்கு தின்கிறது. வளரும் பிள்ளைகளின் மூளையை ஈயம் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. கூடத்துக்குள் தின்பண்டம் வேண்டாம், பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொள்ளும் பழைய பழக்கம் வேண்டவே வேண்டாம். சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கை, பிறகு முகம். இலக்குப் பெட்டியைத் துடைப்பத்தால் பெருக்கினால் ஈயத்தூள் காற்றில் கிளம்பும். ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். அன்றைய உடையைக் கைக்குழந்தையின் துணியோடு சேர்த்துத் துவைக்க வேண்டாம்.

அடிபட்டுவிட்டால்

முதலில் ‘ஸ்டாப்’. எல்லாத் துப்பாக்கியும் கீழே வைத்த பிறகுதான் அடிபட்டவரிடம் ஓடுவது. இல்லையென்றால் இரண்டாவது ஆளும் விழுவார். ஒருவர் 108-ஐ அழைக்கட்டும், இன்னொருவர் சாலைமுனையில் நின்று ஆம்புலன்ஸுக்கு வழி காட்டட்டும்.

இரத்தம் கொட்டினால் சுத்தமான துணியைக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால், உடல் எடையோடு அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கையிலோ காலிலோ அழுத்தியும் நிற்காமல் பீறிட்டால், காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாமல், அகலமான துணியால் இறுக்கிக் கட்டி, கட்டிய நேரத்தை எழுதி வையுங்கள். மருத்துவர் அவிழ்க்கும் வரை தளர்த்த வேண்டாம். குண்டைத் தோண்ட வேண்டாம். குடிக்க எதுவும் கொடுக்க வேண்டாம், சோடாவும் கூடாது. பெல்லட் நுழைந்த துளை கொசுக்கடி போலத் தெரியும். வயிற்றிலோ மார்பிலோ கழுத்திலோ இருந்தால் அது பெரிய காயம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் பட்டால் தேய்க்காதீர்கள், கழுவாதீர்கள், அழுத்தாதீர்கள். காகிதக் கப்பின் அடிப்பாகத்தை வெட்டிக் கண்ணைத் தொடாமல் மூடும்படி கவிழ்த்து டேப் ஒட்டிவிட்டு, தலையை உயர்த்தி வைத்துக் கூட்டிப் போங்கள். ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் ஷெல் கண் மருத்துவமனை இருக்கிறது. பெரிய விபத்துக் காயங்களுக்கு சி.எம்.சி.யின் ராணிப்பேட்டை வளாகம், அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. எது பக்கம் என்பதைத் தளத்தின் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவையுங்கள். பதற்றத்தில் சொந்த ஊரின் வழியே மறந்துபோகும். துப்பாக்கிக் காயம் என்றால் மருத்துவமனை காவல் துறைக்குத் தகவல் சொல்லும். அதற்குப் பயந்து ‘கம்பி குத்திவிட்டது’ என்று பொய் சொல்லாதீர்கள். மருத்துவர் தேட வேண்டியதைத் தேடாமல் போய்விடுவார்.

எட்டாவது படி: திரும்பி வீட்டுக்கு

வீட்டில் துப்பாக்கி ஒரு பூட்டில், தோட்டாவோ பெல்லட்டோ வேறோர் அறையில் வேறு பூட்டில், சாவி பிள்ளைகளுக்குத் தெரியாத இடத்தில். பீரோவின் மேல்தட்டு பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நம்புகிறவர்கள் தங்கள் சிறுவயதை மறந்துவிட்டவர்கள்.

பெல்லட் இல்லாமல் வீட்டில் குறிபார்த்துப் பழகுவது இந்த விளையாட்டில் நல்ல பயிற்சி. அந்த அறைக்குள் ஒரு பெல்லட் டப்பாகூட இருக்கக் கூடாது. ஜன்னலையோ டிவியையோ அல்ல, செங்கல் சுவரைப் பார்த்துத்தான் பழக வேண்டும். முடிந்ததும் ‘முடிந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். ‘இன்னும் ஒரே ஒரு முறை’ என்று திரும்ப எடுக்கும் அந்த ஒரு முறைதான் தப்பாகப் போகும்.

கடைசியாக, ஒரு நோட்டு வாங்குங்கள். எங்கள் கூடத்தின் வாசலில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டு தொங்குகிறது. காயம் பட்டதை எழுதுவதற்கல்ல. படாமல் தப்பியதை எழுதுவதற்கு. தேதி, பாதை எண், என்ன நடந்தது, யார். திட்டு கிடையாது, அபராதம் கிடையாது. ஞாயிறு காலை பயிற்சிக்கு முன் மாஸ்டர் போன வாரத்துப் பக்கத்தைச் சத்தமாகப் படிப்பார். அந்தத் தகப்பனாரின் கதை ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது, அவருடைய கையெழுத்திலேயே. முதல் பக்கத்தின் முதல் வரி என்னுடையது: ‘2-வது பாதை. கொடி போடாமல் பெட்டியை மூடினேன். வீட்டில் திறந்து பார்த்தபோது கம்பி பாதியில் முட்டியது.’